'அம்மா' ஃபோல்டர் திறக்கவில்லை

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. பாதி எழுதி அடித்துவிட்டேன். நீ நலமாக இருக்கிறாய் என்பது அம்மாவின் போனில் தினமும் வந்து விழும் செய்திகளிலிருந்து எனக்குத் தெரியும். மத்தியானம் அவள் கண் அசந்த நேரத்தில் எடுத்துப் பார்க்கிறேன், அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்தான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கறுப்புப் பெட்டி என்னைப் படுத்துகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர், இரண்டு போன், டிவி எல்லாவற்றுக்கும் பொதுவாகப் படமும் பாட்டும் காகிதங்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நீ மாட்டிவைத்தாயே, அந்தப் பெட்டி. அதில் 'அம்மா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பதினோரு நாளாக அது திறக்கவில்லை. திறக்காமல் போனதற்குக் காரணம் நான். திறக்கிற சொல் உன்னிடம் இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். அதற்குள் அது திறந்தாக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதம்.

போனில் கேட்டால் ஒரு நிமிஷ வேலை என்று நீ நினைப்பாய். நாம் பேசி நான்கு மாதம் ஆகிறது. கல்யாணம் கோயம்புத்தூரில், அந்தப் பெண்ணின் ஊரில், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, ஐம்பது பேருக்குச் சாப்பாடு, அதோடு சரி என்று நீ சொன்ன அன்றைக்குப் பேசியதுதான் கடைசி. ஹேடோ குவார்ட்டர்ஸில் இருந்த காலம் தொட்டு இந்தத் தீவில் நடந்த எத்தனையோ கல்யாணங்களில் நான் சாம்பார் வாளி தூக்கியிருக்கிறேன். பெங்காலி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு என்று பார்த்ததில்லை. என் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் எல்லாரும் வந்து வாளி தூக்குவார்கள் என்று ஒரு ஆசையில் இருந்துவிட்டேன். அதை உன்னிடம் இப்படியே சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "இங்க வந்து தாலி கட்ட முடியாதுன்னா, இந்த வீட்டுல உனக்கு ஒண்ணும் இல்ல. மெயின்லேண்டுலயே கெட" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். நீயும் பதிலுக்குக் கத்தியிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். நீ கத்தவில்லை, எனக்கு ஆறவும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுப்பேன், உன் பெயர் வரைக்கும் போவேன், வைத்துவிடுவேன். நாள் ஆக ஆக அந்தப் போன் கனத்துக்கொண்டே போகிறது.

பெட்டி வந்த கதை உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். அம்மாவுக்குத் தொண்டையில் வந்திருப்பது என்ன என்று தெரிந்த வருஷம், நீ ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்தச் சிப்பிகாட் வீட்டுக்கு வந்தாய். வரும்போதே அட்டைப்பெட்டிக்குள் அதைக் கொண்டுவந்திருந்தாய். நெட் சரியாக வராத காலத்தில் இங்கே சினிமாவெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் கப்பலேறி வரும். ஒருத்தர் வீட்டிலிருந்து ஒருத்தர் வாங்கி ஏற்றிக்கொள்வோம். அப்படி வளர்ந்த பிள்ளை நீ. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகும் "வீட்டுச் சாமான் வீட்டுலயே இருக்கணும்ப்பா" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. துறைமுக ஸ்டோரில் முப்பது வருஷம் சாமான் காத்தவனுக்கு இதைவிட நல்ல பேச்சு என்ன இருக்கிறது. ஆனால் அதே ஸ்டோர் பழக்கம்தான் பெட்டிக்கு எமனாக வந்தது. வேலை முடிந்தால் மெயினை அணைத்துச் சாவியை ஆணியில் மாட்டினால்தான் எனக்கு மனசு அடங்கும். இங்கத்திய உப்புக் காற்றும் ஏறி இறங்குகிற கரண்டும் உனக்குத் தெரியும், எந்தச் சாமானையும் அணைக்காமல் விட மாட்டோம். நான் பெட்டியை அணைத்துப் போட்டால் ரவுட்டர் அதற்கு வேறு நம்பர் கொடுத்துவிடும், கம்ப்யூட்டர் பழைய நம்பரிலேயே தேடிக்கொண்டிருக்கும். குவார்ட்டர்ஸ் மாறிப் போன ஆளைப் பழைய கதவில் போய்த் தட்டுகிற கதை. "தம்பி, எல்லாம் காணாப் போச்சு" என்று உனக்கு வீடியோ கால் போடுவேன். படம் உறைந்து உறைந்து வரும். நீ சென்னையில் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, "பரவாயில்லப்பா, ரவுட்டர் பக்கத்த திறங்க, அதுல பெட்டி பேரு இருக்கா, அதுக்கு எதிர்ல உள்ள நம்பர வாசிங்க" என்பாய். பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்து, பெட்டி என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விடமாட்டேன் என்றபோதும் "பரவாயில்லப்பா" தான். உனக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்த நாட்களில் மூன்றாவது தடவைக்கே நான் கை ஓங்கியிருக்கிறேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு தடவைகூட குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அம்மாவின் குரலைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு அவள் வாய்ப்பாடு நடத்தினால் ரோட்டில் போகிறவனுக்கும் பதினாறாம் வாய்ப்பாடு வந்துவிடும் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, நீ பத்து நாள் அவளை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாய். அவள் படித்த கதை, திட்டிய பிள்ளைகள், உன்னைப் பெற்ற நாள், மீன் குழம்பு வைக்கிற முறை என்று என்னென்னவோ பேசினாள். நான் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வரவே பயமாக இருந்தது, அதனால் டிவி. எல்லாவற்றையும் 'அம்மா' ஃபோல்டரில் போட்டு, "இதுக்கு மட்டும் தனியா ஒரு பூட்டு. பெட்டியையே எவனாவது தூக்கிட்டுப் போனாலும் அம்மா பேச்ச அவனால கேக்க முடியாது. பெட்டி ஆன் ஆனா தானா திறந்துக்கும், நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம்" என்று எனக்கு விளக்கினாய். நான் தலையாட்டினேன். எத்தனை தலையாட்டல்களில் என்னென்ன விட்டுப்போயிற்று என்பது இப்போதுதான் தெரிகிறது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்ததும்கூட. நீ ஊருக்குப் போன பிறகு, ஆபரேஷனுக்கு நாங்கள் சென்னைக்கு விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "இது அவன் கல்யாணத்தன்னைக்கு. ரெண்டு பேரும் மாலையோட நிக்கிறப்ப போட்டுக் காட்டணும். வர்ற மருமகளுக்கும் சேத்துத்தான் பேசியிருக்கேன். அதுவரைக்கும் நீங்களும் கேக்கப்படாது. அந்த ஃபோல்டர்லயே போட்டுருங்க, முறுக்கு பக்குவம்னு பேரு வைங்க, அவன் தொடவே மாட்டான்" என்றாள். வரப்போகிற மருமகள் யாரென்று அப்போது உனக்கே தெரியாது. தொண்டையில் கடைசியாக இருந்ததை எடுத்து அந்த முகம் தெரியாத பெண்ணுக்கும் உனக்கும் வைத்துவிட்டுத்தான் அவள் ஆபரேஷன் மேசையில் போய்ப் படுத்தாள். நானும் அவள் சொன்னபடியே செய்தேன். ஒரே ஒரு பிசகு. நீ 'காப்பி' செய்யச் சொல்லுவாய், "ரெண்டு எடத்துல இருக்கட்டும்ப்பா" என்பாய். நான் 'கட்' செய்து கொண்டுபோய் வைத்தேன். ஸ்டோரில் ஒரு சாமான் இரண்டு இடத்தில் இருந்தால் அது கோளாறு, ஒரு சாமானுக்கு ஒரு இடம்தான். அந்தப் பழக்கம் கையிலேயே இருந்தது. அம்மாவின் போனில் இப்போது அது இல்லை. உலகத்திலேயே அது அந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.

பன்னிரண்டு நாள் முன்பு, காலையில் பெட்டியின் விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை நான் தொடவில்லை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன இது என்று அவளிடம் கேட்டேன். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "அவன்தான். அங்கேருந்து எடுக்குறான். கல்யாண வீடியோவுக்குச் சின்ன வயசுப் படம்." அவள் சிரித்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். வீட்டுக்கு வரமாட்டான், வீட்டில் இருக்கிற படம் மட்டும் வேண்டுமா என்று தோன்றியது. உன் சின்ன வயசுப் படங்கள் உனக்குச் சொந்தமில்லையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் பதில் தேடியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அபர்டீன் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிஸ்வாஸ் பாபுவை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு அழைத்து வந்தேன். இருபது வருஷப் பழக்கம், நான் கூப்பிட்டால் தட்டமாட்டார். உன் பெயரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அட்மின் கோன் ஹை?" என்றார். பெட்டிக்கு எஜமான் யார் என்கிறார்.

"பேட்டா" என்றேன். மகன்தான்.

"தோ பேட்டே கோ ஃபோன் கரோ."

"நஹி கரேகா" என்றேன். போன் போட மாட்டேன் என்று நான் சொன்ன தோரணையில் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் மெயின்லேண்டில் ஒரு மகன் இருக்கிறான்.

"தேக்கியே தாதா," இங்கே பாருங்கள் அண்ணா என்று பொறுமையாகத்தான் சொன்னார். பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, ஊசியால் அழுத்தினால் பாஸ்வேர்டெல்லாம் புதிதாகிவிடும், ஃபைல் எதுவும் அழியாது. "லேகின் லாக்-வாக் குச் ஹை தோ பெஹ்லே போலோ." பூட்டு கீட்டு ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு என்கிறார்.

"குச் நஹி, குச் நஹி" என்றேன். ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன், தம்பி. நீ அந்தப் பூட்டைப் பற்றி எனக்கு விளக்கியது அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஆத்திரத்தில் நிறுத்தியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. அவர் ஊசியை வைத்து அழுத்தினார், பெட்டி ஒரு தரம் கீச்சென்றது. பிறகு என் பெயரை எஜமானாகப் போட்டார், உன் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினார். நிஜமாகவே நீக்கவா என்று பெட்டி ஒரு தடவை கேட்டது. நானே மவுஸை வாங்கி ஆம் என்று அழுத்தினேன். அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் 'அம்மா' ஃபோல்டருக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் நின்றது. அழுத்தினால் சாவிச்சொல் கேட்கிறது. அம்மாவின் பிறந்த நாளை அடித்தேன், உன் பிறந்த நாளை அடித்தேன், நீ படித்த பள்ளிக்கூடம், நாம் குடியிருந்த குவார்ட்டர்ஸ் நம்பர், நீ வளர்த்த நாயின் பெயர் என்று எல்லாவற்றையும் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிஸ்வாஸ் பாபு மறுபடி வந்தார். எனக்கு எல்லா அனுமதியும் கொடுத்துப் பார்த்தார், கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை அழித்துப் பார்த்தார், தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அதிலிருந்தும் பார்த்தார். மற்ற ஃபோல்டரெல்லாம் திறக்கிறது, இது மட்டும் இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார், இது அனுமதிச் சமாசாரம் இல்லை, பூட்டு, ஊசி அழுத்தியதில் அது தானாகத் திறந்துகொள்கிற ஏற்பாடு போய்விட்டது என்று. எனக்கு அது சட்டென்று புரிந்தது. கேட் பாஸ் வைத்திருப்பவன் ஸ்டோருக்குள் வரலாம், அலமாரிச் சாவி இல்லாமல் அவன் என்ன எடுக்க முடியும். அந்தச் சொல் தெரியாமல் பெட்டியைச் செய்தவனாலும் திறக்க முடியாது என்றும் சொன்னார். டீ கொடுத்தேன், குடிக்காமல் எழுந்து போனார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நான்கு நாளுக்கு ஒரு தடவை அவள் நோட்டை என் முன்னால் வைக்கிறாள்: "அதப் பெண்டிரைவ்ல ஏத்தியாச்சா?" ஏத்தியாச்சு என்கிறேன். "எங்க இருக்கு?" பீரோவில் என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறாள். குரல் இருந்த காலத்தில் அவளிடம் பொய் சொன்னால் பத்துக் கேள்வி வரும், நான்காவது கேள்வியில் மாட்டிக்கொள்வேன். இப்போது ஒவ்வொரு கேள்வியையும் எழுத வேண்டியிருக்கிறது என்பதால் அவள் கேள்விகளைக் குறைத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். கட்டிய மனைவியின் ஊமைத்தனத்தைச் சாதகமாக எடுத்துக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது, நீயே சொல்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். என் கையில் இருப்பது நான் கெடுத்துக்கொண்டவை மட்டும்தான், அதிலிருந்து எடுத்துக்கொள். கோபம் வந்த அன்றைக்கு யார் பெயரையும் எதிலிருந்தும் நீக்காதே. நீக்குவது ஒரு அழுத்தல், அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் பூட்டிக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. அந்தப் பெண் பேசும்போது டிவியை அணைத்துவிடு. முப்பத்தைந்து வருஷம் உன் அம்மா பேசியதில் பாதியை நான் டிவி சத்தத்தோடுதான் கேட்டேன், மீதிப் பாதியைக் கேட்கவே இல்லை. இன்றைக்கு அவள் பேசிய முக்கால் மணி நேரத்துக்காகப் பெட்டி முன்னால் உட்கார்ந்து நாய் பெயரை அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. என்னை மன்னிக்க வேண்டும் என்றில்லை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

மேலே உள்ளதை நேற்றுக் காலையில் எழுதினேன். காகிதங்களைச் சாப்பாட்டு மேசை விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா மேசையில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள், கையில் சிவப்புப் பேனா. எல்லாத் தாளையும் வாசித்து முடித்திருந்தாள். 'அந்தப் பெண்' என்று நான் எழுதிய இரண்டு இடத்திலும் அதை அடித்துவிட்டு மேலே 'நித்யா' என்று திருத்தியிருக்கிறாள், நீயே பார்ப்பாய். நான் மீன் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் நோட்டில் எழுதினாள். பிள்ளைகள் பேச்சுத் தமிழில் எழுதினால் சுழித்துவிடுகிறவள், இப்போது பேசுகிற மாதிரியேதான் எழுதுகிறாள். "பீரோவுல இருக்குற பெண்டிரைவ்ல முருகன் பாட்டுதான் இருக்கு. போன வாரமே போட்டுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

"எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அவன்கிட்ட சொல்லத்தான் எழுதுறேன். அவன்கிட்ட அந்தச் சொல்ல வாங்கிட்டா..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நிதானமாக எழுதினாள். "அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. நாந்தான் அடிச்சேன். இது உன்னோடது, நான்கூடப் பாக்க மாட்டேன்னு சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டான். நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்க."

மீன் பையைக் கீழே வைத்தேன். உட்கார்ந்தேன். பதினோரு நாளாகச் சாவி அடுத்த அறையில் இருந்திருக்கிறது, நான் கேட்கவேண்டிய ஆளிடம் மட்டும் கேட்கவில்லை. "ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"டீச்சர்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அப்ப சொல்லேன். எழுதிக் குடேன்."

அவள் நோட்டை மூடினாள். தன் கழுத்தில் கட்டியிருக்கிற வெள்ளைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மறுபடி திறந்து எழுதி என் பக்கம் திருப்பினாள். "முதல்ல அவன்கிட்ட பேசுங்க. லெட்டர் கணக்குல வராது, வாயால பேசணும். அப்புறம் தர்றேன். உங்களுக்குத்தான் தொண்டை இருக்கே."

அதை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அவள் கோபமாக எழுதவில்லை, தம்பி. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தரிடம் இருக்கிற சாமானை இன்னொருத்தருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி எழுதியிருந்தாள். அவள் எதிரிலேயே போனை எடுத்து உன் பெயரை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய். "அப்பா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நான் பேசியது உனக்கே தெரியும். இங்கே இரண்டு நாளாக மழை என்றேன், காற்று என்றேன், ஹேவ்லாக் போகிற படகை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அங்கே மழையா என்று கேட்டேன், நீ இல்லை என்றாய். வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அப்பா எதற்கு வானிலை சொல்லக் கூப்பிட்டார் என்று குழம்பியிருப்பாய். அம்மா மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாடு போடும்போது தட்டுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்தாள்: "அது ரேடியோ. பேச்சு இல்ல."

இன்று காலையில் இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மறதி கொஞ்சம் உண்டு. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறாள், அரிசி ஊறப்போட்டதை மறந்து மறுபடி ஊறப்போடுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அடித்த சொல் அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதா, இல்லை என்னைப் பேசவைப்பதற்காக இருக்கிற மாதிரி நடக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "உண்மையச் சொல்லு, ஞாபகம் இருக்கா இல்லையா" என்று கேட்டேன். தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். சத்தம் வராத சிரிப்பில் எது கேலி, எது சமாளிப்பு என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்க வரவில்லை. நான் உன்னிடம் பேசிய பிறகும் அந்த ஃபோல்டர் திறக்காமலே போகலாம். மாலையோடு நீங்கள் நிற்கும்போது போட்டுக் காட்ட ஒன்றும் இல்லாமல் போகலாம். அப்படியானால் அவள் உனக்கும் நித்யாவுக்கும் என்ன சொல்லியிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கும்கூட முழுதாக ஞாபகம் இருக்காது. அதைச் செய்தது நான். இதற்கு மேல் ஊசியும் இல்லை, பிஸ்வாஸ் பாபுவும் இல்லை.

பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரர் வியாழக்கிழமை விமானத்தில் சென்னைக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன்னிடம் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உன்னைக் கூப்பிடுவேன், அம்மா பக்கத்தில் இருப்பாள். சொல்லவேண்டியது மூன்றே வாக்கியம். இந்த வீட்டில் உனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது தப்பு. உன் பெயரை நீக்கியது தப்பு. நான் கோயம்புத்தூருக்கு வருகிறேன். இங்கே எழுத எவ்வளவு சுலபமாக வருகிறது பார். தோட்டத்துப் பக்கம் போய் நின்று வாயால் சொல்லிப் பார்த்தேன், முதல் வாக்கியம் பாதியிலேயே மழை, காற்று என்று திரும்பிவிடுகிறது. அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லெட்டர் வந்துச்சுப்பா, எல்லாம் தெரியும்ப்பா என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. உனக்கு இரக்க சுபாவம், சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். நான் வேறு எதையாவது பேச ஆரம்பித்தால் பதில் சொல்லாதே. சத்தமே வராவிட்டாலும் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன், கொஞ்சம் நேரம் கொடு.

அப்பா